கடல் பக்கத்து மூலை

முதல் கலவை விழுந்தது.

வெள்ளைப் பிளாஸ்டிக் பலகைகளுக்கு நடுவே ஜல்லி தடதடவென்று இறங்கியது. சாரத்தின் மேல் நின்றிருந்தவளுக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. கை தட்டினால் கீழே விழுவாள். கம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கீழே சங்கத்துப் பெண்கள் அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தார்கள். நண்டுச் சதை எடுக்கிற பெண்கள். அவர்கள் வேலை பார்த்த செங்கல் கூடத்தை உப்புக்காற்று தின்றுவிட்டது. பூச்சு உதிர்ந்து சதையில் விழுந்தது. வாங்குகிற கம்பெனி சரக்கைத் திருப்பி அனுப்பியது. மறுபடியும் திருப்பி அனுப்பியபோது கூடத்தைப் பூட்டிவிட்டார்கள்.

இந்தச் சுவரை அவள்தான் கண்டுபிடித்தாள். தூத்துக்குடியில், ஒரு மீன் கிடங்கில்.

பலகைகளை ஒன்றோடொன்று கோத்து நிறுத்தவேண்டும். நடுவில் கம்பி கட்டிக் காங்கிரீட்டை ஊற்றவேண்டும். பிறகு பலகையைப் பிரிக்கிற வேலையே இல்லை. சுவரோடு சுவராக நின்றுவிடும். உப்பு ஏறாது. குழாயைப் பீச்சிக் கழுவலாம்.

எல்லோரும் சரியென்றார்கள். செலின் மட்டும் இல்லை.

செலின் இவள் புருஷனுக்கு அக்கா. சங்கத்தில் மூத்தவள்.

"காங்கிரீட்ட ஊத்துனா பிதுக்கிட்டு வெளிய வந்து நிக்கும், பாத்துக்கிடுங்க" என்று கூட்டத்தில் சொல்லிவிட்டு எழுந்து போனாள். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. வீட்டு விசேஷத்தில்கூட இவள் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது தெருவுக்கு அந்தப் பக்கம், பூவரசு நிழலில் நின்றிருந்தாள். கைகளைக் கட்டிக்கொண்டு.

"ஒரே எடத்துல கொட்டாத லே. சுத்திச் சுத்தி வா" என்று சந்தியாகு மேஸ்திரி காங்கிரீட் பம்புக்காரனைப் பார்த்துக் கத்தினார்.

இவளால் சாரத்தில் நிற்க முடியவில்லை. இறங்கி வந்து சுவரை விரலால் தட்டினாள். கீழே கல் மாதிரி. சற்று மேலே வெறும் டப்பா. கொஞ்ச நேரத்தில் அங்கேயும் கல்.

"ஏறுதுட்டி! ஏறுது!"

பெண்கள் ஓடி வந்து ஆளுக்கொரு இடத்தில் தட்டினார்கள். சுவர் நெஞ்சளவு நிறைந்தது. தலையளவு நிறைந்தது.

அப்போதுதான் கடல் பக்கத்து மூலையில் படாரென்று ஒரு சத்தம்.

முட்டுக் கொடுத்திருந்த சவுக்குக் கம்பு மணலில் சறுக்கிவிட்டது. பலகை மெல்ல முன்னால் வந்தது. வயிறு தள்ளுவது போல.

அவள் யோசிக்கவில்லை. ஓடிப்போய் முதுகைக் கொடுத்தாள்.

"நிறுத்து! பம்ப நிறுத்து!"

பம்பு நின்றது. உள்ளே இறங்கியிருந்த பாரம் நிற்கவில்லை. பிளாஸ்டிக்குக்குப் பின்னால் ஜல்லி நகர்வது அவள் தோள்பட்டையில் நெறுநெறுத்தது. ஆண்கள் வேறு கம்பு எடுக்க லாரிப் பக்கம் ஓடினார்கள். அவள் குதிகால் மணலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

சங்கத்து அமலி வந்து முதுகைக் கொடுத்தாள். இன்னொருத்தி வந்தாள். எல்லோரும் வந்தார்கள். ஒருத்தி மாதாவைக் கூப்பிட்டாள். ஒருத்திக்குப் பயத்தில் சிரிப்பு வந்தது.

சுவர் இன்னும் தள்ளியது.

எதிரே செலின் நின்றிருந்தாள். அவள் சொன்னது சொன்னபடியே நடந்துகொண்டிருந்தது. ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்கலாம்.

இவள் அவளையே பார்த்தாள்.

செலின் கையைப் பிரித்தாள்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருவைக் கடந்து ஓடி வந்தாள். ஒரு செருப்பு நடுத்தெருவில் கிடந்தது. இவளுக்கும் அமலிக்கும் நடுவே புகுந்து, தன் கனத்த முதுகைச் சுவரில் சாத்தினாள். முகத்தைத் திருப்பவில்லை.

"கால அகட்டி ஊனுட்டி. சறுக்கிட்டுப் போவ."

இவள் காலை அகட்டி ஊன்றினாள்.

சுவர் நின்றது.

தோளோடு தோள் ஒட்டியிருந்தது. செலினின் மூச்சு இவள் காதில் இரைந்தது. கம்புகள் வந்தன. சம்மட்டி அடி ஒவ்வொன்றும் எல்லோருடைய முதுகிலும் அதிர்ந்தது.

"விடுங்கம்மா. இனி ஒண்ணும் ஆவாது" என்றார் சந்தியாகு.

யாரும் உடனே விடவில்லை. பிறகு அமலி குபீரென்று சிரித்தாள். அது வரிசை முழுவதும் பரவியது. செலின் சிரிக்கவில்லை. செருப்பைத் தேடிப் போனாள்.

ஆனால் வீட்டுக்குப் போகவில்லை.

பம்பு மறுபடி ஓடியது. மத்தியானத்துக்குள் நான்கு பக்கமும் மேல் விளிம்பு வரை நிறைந்தது.

பொழுது சாயும்போது சுவர் சுட ஆரம்பித்தது. வெயில் படாத உள்பக்கமும் சுட்டது. உள்ளே இறுகும்போது அப்படித்தான் சுடும் என்றார் சந்தியாகு. பெண்கள் கன்னத்தை வைத்துப் பார்த்தார்கள். உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்கள். "காய்ச்சக்காரி மாதிரி கெடக்கு" என்று ஒருத்தி சொல்ல, மறுபடியும் சிரிப்பு.

செலின் தனியாகக் கடல் பக்கத்து மூலைக்குப் போனாள். அங்கே சுவர் இலேசாக உப்பியிருந்தது. அது இனி அப்படியேதான் இருக்கும். அந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். ஒரு தட்டுத் தட்டினாள். அண்ணாந்து, சுவர்களுக்கு மேலே திறந்து கிடந்த வானத்தைப் பார்த்தாள்.

"கூரைய எப்ப போடுவோம்ட்டி?"

யாரைப் பார்த்தும் கேட்கவில்லை.

இவளுக்கு நன்றாகவே காதில் விழுந்தது.

மதினி இன்னொரு தடவை கேட்கட்டும் என்று நின்றாள்.