கம்பெனி ரகசியம்

அரியலூர் அரசு ஆஸ்பத்திரி மேசையில் செங்கமலம் கண் செருகிக் கிடந்தாள். வாயோரம் கட்டியிருந்த நுரையில் ஒரு ஈ உட்கார்ந்து, நிதானமாகக் கால் தேய்த்துவிட்டுப் பறந்து போனது. தலைமாட்டில் காலி டின். ‘அங்கமுத்து புழுக்கொல்லி – அரசு விநியோகம்’ என்று சிவப்பெழுத்து.

"நாடி நல்லாத்தான் இருக்கு. அதான் கவலையா இருக்கு," என்றார் டாக்டர். "உள்ள என்ன கலந்திருக்குன்னு தெரிஞ்சாத்தான் மாத்து மருந்து குடுக்க முடியும். டின்னுல அதப்பத்தி ஒரு வரியும் காணோமே?"

ஏட்டு கையோடு அழைத்து வந்திருந்த காண்ட்ராக்டர் அங்கமுத்து, ஆடி வெயிலிலும் கழற்றாத சஃபாரி சூட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அது கம்பெனி ரகசியம் டாக்டர். காண்ட்ராக்ட்லயே அப்படித்தான் போட்டிருக்கு. வெளிய வுட்டா வெள்ளக்காரன் காப்பியடிச்சிருவான்."

வசனம் அவருக்கு மனப்பாடம். போன வாரம் ஒன்றிய ஆபீசில் இதே செங்கமலத்திடம் சொன்னதுதான். மருந்தடித்தும் மூன்று காணி கடலையைக் கம்பளிப்புழு மொட்டையடித்துவிட, காலி டின்னும் கையுமாக வந்து நின்றாள் அவள்.

"எங்க காட்டுக்குக் குடுத்த மருந்துல என்ன இருக்குன்னு எங்களுக்குச் சொன்னா என்னங்க? அந்தக் காண்ட்ராக்ட் காயிதத்தயாவது காட்டுங்க."

"அதெல்லாம் பொதுசனம் பாக்கக்கூடாதும்மா," என்று ஆபீசர் ஃபைலைக் கட்டி உள்ளே வைத்தார்.

அங்கமுத்து சிரித்தார். "நான் செத்தாலும் சொல்ல மாட்டேன். போயிட்டு வா ஆத்தா!"

அவள் டின்னைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

இப்போது ஏட்டு பேனாவைத் திறந்தார். "டாக்டர், இந்தம்மா போயிருச்சுன்னா கொலைக் கேசு. மொத குத்தவாளி இவருதான். எழுதிக்கட்டுமா?"

"யோவ் ஏட்டு, என்னய்யா நீ..." சஃபாரி சூட் முதுகோடு ஒட்டிக்கொண்டது.

செங்கமலத்தின் கால் ஒருமுறை வெட்டி இழுத்தது. பிறகு அசையவில்லை.

"ஐயையோ! விஷம் இருந்தாத்தானய்யா சாவா!" அங்கமுத்து அலறினார். "வெறும் சவுக்காரத் தண்ணிய்யா! நெறத்துக்கு மஞ்சத்தூளு, வாசத்துக்கு ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய். அவ்வளவுதான்! கைப்புள்ள குடிச்சாலும் வயித்தாலதான் போவும், உசுரு போவாது!"

வராண்டாவில் நின்ற, செங்கமலத்தின் ஊரான விக்கிரமங்கலத்துச் சனம் முழுக்கக் கேட்டது. ஏட்டு ஒரு வார்த்தை விடாமல் எழுதி நீட்டினார். கொலைக் கேசிலிருந்து தப்பிக்கிற அவசரத்தில் அங்கமுத்து கையெழுத்தையும் போட்டார்.

செங்கமலம் எழுந்து உட்கார்ந்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க செத்தாலும் சொல்ல மாட்டேன்னீங்க. அதான், நான் செத்துப் பாத்தேன்."