பூசணிக்குப் பிடித்த குடை

“இலைக்கு வெயில், காய்க்கு நிழல். உன் மூளைக்கு இது ஏறுமா?” என்று கேட்டார் முதலாளி சிஞ்ஞோர் கதால்தோ. ஒரு கீரைப்பாத்திகூடக் கொத்தியறியாத மனிதர்.

இத்தாலியின் ஸ்ஃபெர்ராகவால்லோ ஊரில் இருந்த அவருடைய தோட்டத்தில் பக்கக் கொடிகளை வெட்டி, பிஞ்சுகளைக் கிள்ளி எறிந்து, ஒரே ஒரு பூசணியைப் பூதமாக வளர்த்தவள் குகனேஸ்வரி. குடையைக் கம்பில் கட்டினால் நிழல் நகர்ந்து தோல் வெடித்துவிடும் என்பது அவர் ஞானம். அதனால் மத்தியானம் முழுக்க அவளே பிடித்தாள்.

“பூசினிக்குக் குடை பிடிக்கிற உத்தியோகம்! வெக்கமில்லையே உமக்கு?” என்றான் கணவன் கிருபன்.

“பெர்மெஸ்ஸோ கடுதாசி கையிலை வரட்டுமப்பா. பிறகு அந்தாளின்ரை முகத்திலையும் முழிக்கமாட்டன்.”

ஊர்ப் பூசணிப் போட்டியில் அது முதல் பரிசு வாங்கியது. சிஞ்ஞோர் அதைக் கட்டிப்பிடித்துப் படமெடுத்துக்கொண்டு, பத்திரிகை நிருபரிடம் அரைமணி நேரம் அளந்தார்.

தொண்ணூற்றைந்து நவம்பரில், வேலையில் இருக்கும் வெளிநாட்டவர்களுக்குப் பெர்மெஸ்ஸோ என்னும் வதிவிட அனுமதி தருவதாக அரசு அறிவித்தது. முதலாளியின் கையெழுத்து வேண்டும்.

“கையெழுத்தா? நீ எப்போது என்னிடம் வேலை செய்தாய்? யார் கண்டது?” என்று சிரித்தார் சிஞ்ஞோர்.

குகனேஸ்வரி கெஞ்சவில்லை. கைப்பையிலிருந்து பத்திரிகைத் துண்டை எடுத்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள். படத்தில் பூசணி, சிஞ்ஞோர், பின்னால் குடையுடன் அவள். கீழே சிஞ்ஞோரின் பேட்டி:

“நிழல் பிடிக்கவே நான்கு மாதமாக ஒரு வேலைக்காரியை வைத்திருக்கிறேன்.”

சிஞ்ஞோருக்கு வியர்த்து ஊற்றியது.

குகனேஸ்வரி குடை பிடிக்கவில்லை. பேனாவை நீட்டினாள்.