மூச்சு வாங்காத பன்னிரண்டு

திருவொற்றியூரில் ஒரு பழைய இரும்புக் கடையின் மாடியில் இருந்தது ஜெகதீசனின் ஆய்வுக்கூடம். பத்து வருடம் உழைத்து ஆஸ்துமாவுக்கு ஒரு புது மருந்து கண்டுபிடித்திருந்தார். நாளை காலை பத்து மணிக்கு மும்பைக் கம்பெனிக்காரர்கள் வந்து அதை வாங்கப் போகிறார்கள்.

சோதனை எளிமையானது. முட்டை வெள்ளைக்கரு ஒத்துக்கொள்ளாதபடி பழக்கிய இருபத்து நான்கு கினிப்பன்றிகள். பன்னிரண்டின் வாயில் தினமும் மருந்துச் சொட்டு. மீதிப் பன்னிரண்டுக்கு வெறும் உப்புத் தண்ணீர். அரை மணி கழித்து வெள்ளைக்கருக் கரைசலைப் புகை போலத் தூவினால், உப்புத் தண்ணீர் கோஷ்டி எண்ணூர் லாரி மாதிரி இரைக்கும். மருந்து கோஷ்டி தழை மென்றுகொண்டிருக்கும். மூன்று வாரமாக ஒரு நாள்கூடத் தவறவில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் வாட்ச்மேன் யாசின் மண்ணைப் போட்டான்.

"சார், கூண்டு கழுவுற சிலுவையம்மா கீதே, அது உங்க மருந்த திருடிக் குடிக்குது."

"எப்படிச் சொல்றே?"

"ராயபுரத்துலேர்ந்து வரசொல்ல மூச்சு இஸ்துகினு வருது. படி ஏற முடியல. மிருக ரூமுக்குள்ள போவுது, அஞ்சே நிமிசம். வெளிய வந்தா என்னாண்ட நிறுத்தாம சண்ட போடுது. அந்த மூச்சு எங்கேர்ந்து சார் வந்துச்சு?"

ஜெகதீசன் மனதில் கணக்குப் போட்டார். மருந்து கொடுப்பதும் அவள்தான், குளிர்பெட்டிச் சாவியும் அவளிடம்தான். குடிப்பதோடு நிற்கிறாளா, வெளியே விற்கிறாளா? ஒரு புட்டி போட்டிக் கம்பெனி கைக்குப் போனாலும் நாளைய வியாபாரம் அவ்வளவுதான்.

சிலுவையம்மாளைக் கூப்பிட்டுச் சாவியைக் கேட்டார்.

"மரியாதையா குடுத்துடு சிலுவக்கா," என்றான் யாசின். "போலீசுன்னு போனா பேஜாராயிடும்."

"நீ மூட்றா. கேட்டாண்ட தூங்குறவன்லாம் என்னிய கேள்வி கேக்குறான்."

குளிர்பெட்டியைத் திறந்தார். அவர் நிரப்பி வைத்தது அறுபது புட்டி. தினம் இரண்டு வீதம் இதுவரை செலவாகியிருக்க வேண்டியது நாற்பத்திரண்டு. பதினெட்டு இருக்க வேண்டும். பதினேழு இருந்தால் அவள் திருடி.

எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

அறுபது. ஒன்றுதான் திறந்திருந்தது. அதிலும் நாலு சொட்டு குறைந்திருந்தால் அதிகம்.

"அப்ப... மருந்து?" என்றார் ஜெகதீசன்.

"மொத நாளு ஒண்ணுக்கு ஊத்துனேன் சார். கைய கட்ச்சி, மூஞ்சில துப்பிச்சு. அவ்ளோ கசப்பு. அப்பால நீங்க முட்டப் பொகைய வுட்டா அதுங்க இஸ்துகினு கெடக்கணும். அந்தக் கஷ்டம் எனுக்குத் தெரியாதா? அதான் தெனம் நான் ஒரு அடி அட்ச்சிகினு, அதுங்க பொட்டிக்குள்ளயும் ரெண்டு அடி அட்ச்சி வுட்டேன்."

"எல்லாத்துக்குமா?"

"சேச்சே! உப்புத்தண்ணி பார்ட்டிக்கு மருந்தயே காட்டக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க? நான் பேச்சு மீறுவனா?"

இடுப்பிலிருந்து ஒரு நீல இன்ஹேலரை எடுத்து நீட்டினாள். அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுப்பது. ஜெகதீசன் அதைத் திருப்பிப் பார்த்தார்.

நாளை பத்து மணிக்கு மும்பைக்காரர்கள் வாங்க வரும் மருந்தின் மேல், 'தமிழ்நாடு அரசு - விற்பனைக்கு அல்ல' என்று சிவப்பு எழுத்தில் அச்சிட்டிருந்தது.