தறிக்குழிக் கோழி

அன்று நூல் டிப்போவில் இருந்தவர்கள்: மானேஜர் கோதண்டம், குமாஸ்தா ஜெபரத்தினம், தராசு பிடிக்கும் கரீமுல்லா, வாசலில் வரிசையாக இருபத்து மூன்று நெசவாளர்கள். கார்டு ஒன்றுக்கு மாதம் ஒரு கட்டு நூல்.

முதல் ஆள் ஜன்னலுக்கு வருவதற்குள் கோதண்டம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“இன்னிக்குக் கிருத்திகை. நான் மலைக்கோயிலுக்குப் போயிட்டு வரேன். நீர் வேதக்காரர், உமக்கு அங்கே என்ன வேலை? இங்கே பார்த்துக்கும்.”

ஜெபரத்தினம் தலையாட்டினார். போன கிருத்திகைக்கும் இப்படித்தான் ஆயிற்று.

“கதை எழுதிக்கினு உட்கார்ந்துடாதீர், கைரேகை வாங்காம நூல் போயிடப் போவுது” என்று படியிறங்கும்போது சொல்லிவிட்டுப் போனார். வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

கார்டைப் பார்க்கவேண்டும். தறி ஓடுகிறதா என்று கேட்டு எழுதவேண்டும். உள்ளறையிலிருந்து கரீமுல்லா ஒரு கட்டைத் தூக்கிவந்து நிறுக்கவேண்டும். பிறகு ரேகை. எல்லாம் ஒரே ஆளாக எழுதினால் மாலை வரை இழுக்கும்.

யுத்தம் முடிந்தும் மண்ணெண்ணெய்க்கு ரேஷன் போகவில்லை. விளக்கு வைத்து எழுத வழியில்லை. டிப்போவைப் பூட்டியபின் பொழுது சாய்வதற்குள் ஜன்னலோரம் கிடைக்கும் வெளிச்சம்தான் ஜெபரத்தினத்துக்கு எழுதும் நேரம். வரிசை நீண்ட நாளில் அதுவும் கிடையாது. பல வருஷமாக அப்படி ஒட்டிச் சேர்த்து எழுதிய கதைகள் எல்லாம் போன வழியே திரும்பி வந்துவிட்டன.

இப்போதுதான் முதல்முறையாகப் பட்டணத்துப் பத்திரிகை ஒன்று, தீபாவளி மலருக்கு ஒரு கதை அனுப்பும்படி அவருக்குக் கார்டு போட்டிருந்தது. இன்று சாயங்கால ரயிலில் போகாவிட்டால் மலரில் இடமில்லை. நூல் கிடைக்காமல் தறி நின்றுபோன ஒரு நெசவாளியின் கதை. எழுதி வைத்திருந்தார். முடிவு மட்டும் வரவில்லை. மூன்று வாரமாக வரவில்லை. இனி வராது, தமக்கு வாய்த்தது இந்த ஜன்னல்தான் என்று காலையில் எழுந்தபோதே தோன்றியிருந்தது.

பதினேழு பேர் வாங்கிக்கொண்டு போனார்கள். அடுத்து வந்தவள் தாயம்மாள். ஊர் ஆர்.கே.பேட்டைக்கு அந்தப் பக்கம். விடியுமுன் கிளம்பி நடந்தே வந்திருந்தாள்.

“தறி ஓடுதா?” என்றார் ஜெபரத்தினம், நிமிராமல்.

“எங்கேங்க ஓடறது? ரெண்டு மாசமா பாவு போட நூல் இல்லை. எங்க நைனா போட்ட தறி. கால் வெக்கிற குழி சும்மாதானே கெடக்குதுன்னு கோழியை அடை வெச்சிருக்கேன்.”

ஜெபரத்தினத்தின் பேனா நின்றது.

“தறிக்குழியிலேயா?”

“ஆங். சூடா இருக்குதுங்களே.”

அவர் வெளியே பார்த்தார். பிற்பகல் வெயில் எதிர்ச்சுவரில் ஏறத் தொடங்கியிருந்தது. எழுந்து உள்ளறைக்குப் போனார். சற்று நேரம் கழித்துத் திரும்பி வந்து கார்டை அவளிடம் நீட்டினார்.

“நூல் தீர்ந்துபோச்சும்மா. அடுத்த மாசம் வாங்க.”

பின்னால் நின்ற ஐந்து பேரும் ஜன்னலை நெருங்கினார்கள். கட்டு இல்லாவிட்டாலும் ஒரு சிட்டம் நூலாவது கிடைக்குமா என்று ஒருவர் கேட்டார். விடியற்காலையே வந்திருக்கவேண்டும் என்று இன்னொருவர் தம்மையே நொந்துகொண்டார்.

தாயம்மாள் கார்டை மடித்து முந்தானையில் முடிந்தாள். அடுத்த மாசம் வரை தறி இருக்காது, விறகுக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், கொடுத்துவிடவேண்டியதுதான் என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து, அவருக்கே ஆறுதல் சொல்வதுபோல,

“நீங்க என்னாங்க பண்ணுவீங்க? இருந்தா குடுக்கமாட்டீங்களா?” என்றாள்.

கரீமுல்லா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“பூட்டுங்க பாய்” என்றார் ஜெபரத்தினம்.

வீட்டில் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினார். டிப்போக்காரன் கைவிரித்துவிட, நூலில்லாமல் ஊர் திரும்புகிற பெண்; தறிக்குழிக்குள் சிறகைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கோழி. அதற்குமேல் ஒரு வார்த்தை தேவைப்படவில்லை. கடைசி வரியில் அவர் கண்ணே கலங்கிவிட்டது.

மனைவி தேவசுந்தரி வாங்கிப் படித்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“ஏங்க, இந்தக் கதையிலே வர்ற டிப்போக்காரன் நல்லா இருப்பானா? அவனுக்குப் பொண்டாட்டி பிள்ளைங்க இல்லையா?”

“நெசவாளிங்க கஷ்டம் யாருக்குப் புரியுது, தேவா? நம்மைப்போல நாலு பேர் எழுதினாத்தான் உண்டு” என்றார் ஜெபரத்தினம், உறையை ஒட்டிக்கொண்டே.

ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் புளியமரத்தடியில் தாயம்மாளும் மற்றவர்களும் ஊர்ப்பக்கம் போகிற வண்டிக்காகக் காத்திருந்தார்கள். அவர் அடுத்த தெருவழியாகத் திரும்பிப் போய், ரயில் வருவதற்கு முன்பே கதையைத் தபாலில் சேர்த்தார்.

பூட்டிய டிப்போவின் உள்ளறையில், அவர் தம் கையாலேயே இழுத்து மூடிய சாக்குக்கு அடியில், அன்று மீதியிருந்தது ஆறு கட்டு நூல்.