இஃப்ராவின் சடங்குப் படம்

"கமெராவைக் கீழ வையுங்கோ. நீங்கள் அங்க போகக் கூடாது!"

ஷிப்ட் முடிந்து வந்த நேர்ஸ் உடுப்போடு இம்மாகுலேற் கதவை மறித்து நின்றாள்.

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் தமிழ்ப் பிள்ளைகள் பெரியபிள்ளையாகும் சாமத்தியச் சடங்கென்றால் படமெடுப்பது அவள் கணவன் சூசைதாசன்தான். இன்று கூப்பிட்டிருப்பதோ மேல்மாடிச் சோமாலியக்காரி ஹோடன். ஏழு வயது மகள் இஃப்ராவுக்குச் சடங்காம்.

"எங்கட சடங்கு மாதிரியெண்டு நினைச்சீங்களோ? பச்சைப் பிள்ளையின்ர பெண்ணுறுப்பை அறுத்துத் தைக்கிறது! பிள்ளைப்பேற்று வார்ட்டில அந்தப் பெண்டுகள் படுற பாட்டை நான் கண்ணால காணுறன். எண்பத்தஞ்சிலயே இஞ்ச சட்டம் போட்டுத் தடுத்தாச்சு."

"தெரியும்."

"தெரிஞ்சும் போறியளோ?"

எருமை மேல் மழை பெய்த மாதிரி அவர் குசினிக்குள் போனார். ஒரு வெங்காயத்தை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியேறிவிட்டார்.

பொலிசுக்குப் போன் அடிக்கப் போன இம்மாகுலேற்றின் கை பாதியில் நின்றது. முதலில் பிள்ளையின் உயிர். பஞ்சையும் பண்டேஜையும் அள்ளிக்கொண்டு ஓடினாள்.

மேலே கட்டிலில் இஃப்ரா கிடந்தாள். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை துணியால் வரிந்து கட்டியிருந்தது. கன்னமெல்லாம் கண்ணீர். பக்கத்தில் தாய் ஹோடன் சிரித்துக்கொண்டு நின்றாள். சூசைதாசன் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

"பாவிகளே!" பாய்ந்துபோய்க் கட்டை அவிழ்த்தாள் இம்மாகுலேற்.

உள்ளே பள்ளிக்கூட விளையாட்டுக் காற்சட்டை. ஒரு பொட்டு இரத்தமில்லை. பிள்ளை துள்ளி எழும்பியது.

"அன்ரி, அங்கிள் என்ர கண்ணுக்குக் கிட்ட வெங்காயம் பிடிச்சவர்!"

ஹோடன் தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னாள். "லீவுக்குப் பிள்ளையை அனுப்பு, அறுக்க வேணுமெண்டு என்ர மாமியார் ஊரிலயிருந்து ஒரே கரைச்சல். லண்டனிலேயே முடிஞ்சுதெண்டு இந்தப் படம் அவவுக்குப் போகுது. இனிப் பிள்ளையைக் கூப்பிட மாட்டா. நான் பட்ட வேதனை என்னோட போகட்டும்."

இம்மாகுலேற் அவளைக் கட்டிப்பிடித்து அழுதேவிட்டாள். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள்.

"எனக்கேன் சொல்லேல்லை?"

"பொய்யெண்டா உமக்கு ஆகாதே. மாதா கோயிலில சின்னப் பிள்ளையளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் குடுக்கிற ஆள்" என்றார். "சரி, இன்னுமொரு படம் எடுக்க வேணும். பக்கத்தில நேர்ஸ் ஒராள் நிண்டால் மாமி இன்னும் நம்புவா."

இம்மாகுலேற் இஃப்ராவைப் படுக்க வைத்தாள். துணியைத் தானே வரிந்து கட்டினாள். நேர்ஸ் உடுப்பைச் சரிசெய்துகொண்டு கட்டிலோடு நின்றாள்.

அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் தன் பாவங்களையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். இந்தப் பொய் அதில் இல்லை.