ஆறு தவளைகளின் வெளிநடப்பு

குளத்துச் சபைக்கு ஒரு மசோதா வந்தது. கரையில் நிற்பவர் யாராக இருந்தாலும் காவல்கார நண்டு அவரைப் பிடித்துத் தன் வளைக்குள் அடைக்கலாம், விசாரணையே கிடையாது. ஆதரித்த தவளைகள் நாலுதான். எதிர்த்தவை ஆறு.

கரையில் குடியிருந்த நத்தை, எதிர்க்கட்சித் தலைவரிடம் போய்க் கெஞ்சியது. "அண்ணே, நீங்க பேசக்கூட வேணாம். உள்ளேயே உட்கார்ந்து 'இல்லை'ன்னு மட்டும் சொல்லுங்க. நான் பிழைச்சுக்குவேன்."

"அதை எவன் பார்ப்பான்? வெளிநடப்பு பண்ணினாத்தான் நம்ம எதிர்ப்பு ஊருக்குத் தெரியும்" என்றார் தலைவர்.

ஆறு தவளைகளும் கோஷம் போட்டுக்கொண்டே கரைக்குத் தாவின. உள்ளே இருந்த நாலும் "ஆம்" என்றன. வேறு யாரும் இல்லாததால் மசோதா ஒருமனதாக நிறைவேறியது. அந்த நிமிடமே அமலுக்கும் வந்தது.

நண்டு முதலில் நத்தையை வளைக்குள் தள்ளியது. அப்புறம் தலைவர் பக்கம் திரும்பியது.

"யோவ், நாங்க இந்தச் சட்டத்தை எதிர்த்துத்தான்யா இங்க நிக்கிறோம்!"

"இருக்கலாம் சார். ஆனா அதை விசாரிக்க எனக்கு அதிகாரம் இல்லையே" என்று நண்டு அவர் காலைப் பிடித்து இழுத்தது.