முப்பத்தொன்றாம் அத்தியாயத்தில் ஒரு தட்டல்

‘புத்தகமாப் படிச்சப்போ தூங்கிட்டேன். காதுல கேட்டப்போ வந்த தூக்கமும் போயிருச்சு’ என்று ஒருவர் எழுதியிருந்தார்.

‘பேய் வர்றதுக்குள்ள பதினோரு பக்கம் காட்டு வர்ணனை. அந்தப் பேயே சலிச்சுப்போய் வீட்டுக்குத் திரும்பியிருக்கும்’ என்றார் இன்னொருவர்.

பிற்பகல் வெயில் மேசையில் விழுந்துகொண்டிருந்தது. ஆறிப்போன தேநீருக்கு முன்னால் உட்கார்ந்து, அந்த நாவலை ஒலிநூலுக்காக வாசித்தவள் ஒவ்வொரு கருத்தாகக் கீழே தள்ளிக்கொண்டே போனாள்.

இருபத்திரண்டு மணி நேரம் ஓடும் மாயத் திகில் கதை. அவள் குரலில் வந்த முதல் பெரிய ஒலிநூல். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. அதற்குத்தான் உடம்பில் தெம்பு இல்லை.

காலையில் பதிப்பகத்திலிருந்து தயாரிப்பாளன் அழைத்திருந்தான்.

“அக்கா, முப்பத்தொண்ணாம் அத்தியாயத்துல சுவத்துக்குள்ளேருந்து ஒரு தட்டல் போட்டீங்களே, பாதிப் பேர் அதுக்குத்தான் அஞ்சு நட்சத்திரம் குடுத்திருக்காங்க. ரெண்டாம் பாகத்துக்கும் அதே மாதிரி வேணும். எப்படிப் பண்ணீங்க?”

பார்த்துச் சொல்வதாகச் சொல்லிப் பேச்சை முடித்துக்கொண்டாள். அவள் எந்தத் தட்டலும் போடவில்லை.

கருத்துகளில் அதைப் பற்றி ஒரு சண்டையே நடந்துகொண்டிருந்தது.

‘ரெண்டு தட்டு. மயிர்க்கூச்செறிஞ்சுது.’

‘ரெண்டா? காதுல பஞ்சா வச்சிருக்கீங்க? ஆறு.’

‘நான் பாத்திரம் தேய்ச்சிட்டிருந்தேன். எண்ணிட்டு நிக்கலைங்க, விளக்கைப் போட ஓடினேன்.’

இரண்டா, ஆறா? அவளுக்குத் தெரிய வேண்டியதும் அது ஒன்றுதான்.

ஒலிநூல் வாசிக்கப் பெரிய பதிவுக்கூடம் தேவையில்லை. உள்ளே ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு துணி அலமாரி போதும். தொங்கும் துணிகள் எதிரொலியை விழுங்கிவிடும். ஒரு முக்காலி, ஒரு ஒலிவாங்கி, கதவைச் சாத்தினால் உலகம் வெளியே.

அவளுடைய அலமாரியின் முதுகு சுவரோடு ஒட்டியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் கட்டில்; அவள் படிப்பது அவருக்கும் லேசாகக் கேட்கும்.

அப்பாவுக்கு எழுந்து நடமாட முடியாது. கூப்பிடக் குரலும் எழும்பாது. அதனால் கையில் ஒரு கரண்டி கொடுத்திருந்தாள். சுவரில் ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு என்றால் புரட்டிப் படுக்க வை. விடாமல் ஐந்தாறு என்றால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வா.

இதற்காகவே அவள் காதணிபேசியை ஒரு காதில் மட்டும் மாட்டி, இன்னொரு காதைச் சுவருக்கு விட்டுவைப்பாள்.

அன்று அப்படிச் செய்யவில்லை. முப்பத்தொன்றாம் அத்தியாயம் முழுக்கக் கிசுகிசுப்பு. கிசுகிசுத்துப் படிக்கும்போது எச்சில் விழுங்குவதுகூடப் பதிவாகும். அதைப் பிடிக்க இரண்டு காதும் வேண்டும். அரை மணி நேரம்தானே என்று இரண்டையும் மூடிக்கொண்டாள்.

ஒலிவாங்கியின் தாங்கிக்கு அடியில் எப்போதும் ஒரு பஞ்சுச் சதுரம் இருக்கும். காற்றில் வருவதைவிட மரத்தில் சத்தம் நன்றாகப் பயணம் செய்யும். பஞ்சுதான் அதை வழிமறிக்கும். அந்த வாரம் அந்தப் பஞ்சு அப்பாவின் குதிகாலுக்கு அடியில் இருந்தது, புண் வராமல் இருக்க.

அவளுக்குக் கேட்காதது, சுவர் வழியாக, பலகை வழியாக, ஒலிவாங்கிக்குப் போயிருக்கிறது.

அத்தியாயத்தை முடித்துக்கொண்டு அவள் அடுத்த அறைக்குப் போனபோது அப்பாவுக்கு மூச்சு இல்லை. கண் மூடியிருந்தது. கரண்டி போர்வை மேல் கிடந்தது.

‘தூக்கத்துலயே போயிட்டார்டி. குடுத்து வச்சவர்’ என்றாள், எதையும் சுற்றி வளைத்துப் பேசாத அவளுடைய அக்கா. இரண்டு மாதமாக அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் சாப்பிட்டாள், படுத்தாள்.

அனுப்புவதற்கு முன் ஒரு முறை முழுக்கக் கேட்க வேண்டும் என்பது தொழிலில் முதல் பாடம். அந்த அத்தியாயத்தை மட்டும் அவள் கேட்காமலே அனுப்பினாள். ஒலியைச் சீர்செய்கிறவரும், பேய் குடியிருக்கும் சுவர்தானே, அவளே தட்டியிருக்கிறாள் என்று விட்டுவிட்டார்.

கணினியில் கோப்பைத் திறந்தாள்.

திரையில் குரல் மலைத்தொடர் போலத் தெரியும். மூச்சு சின்ன மேடு. தட்டல் என்றால் முள் மாதிரி ஒற்றைக் கோடாக நிமிர்ந்து நிற்கும். காதால் எண்ணத் தேவையில்லை, கண்ணாலேயே எண்ணிவிடலாம்.

அரை நிமிடம் கண்ணைத் திறக்கவில்லை.

பிறகு பார்த்தாள். ஒரு முள். இன்னொரு முள். சற்றுத் தள்ளி, குட்டையாக, இன்னும் ஒன்று.

அதற்கு மேல் இல்லை. மூன்று.

மூன்றுக்கு ஒரு கணக்கும் இல்லையே என்றுதான் முதலில் தோன்றியது.

அப்புறம் நினைவு வந்தது. இந்தக் கதையை வாசிக்கத் தொடங்கிய வாரம். பேய் முதன்முதலாகப் பேசும் இடத்தில் மூன்று தட்டு கேட்டு, அலமாரிக் கதவில் முழங்காலை இடித்துக்கொண்டு ஓடினாள். அப்பா சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் காதை வாயருகே வைத்தாள்.

“ஒண்ணுமில்லம்மா, பயந்துட்டேன்னு சொன்னேன். மூணு தட்டினா நீ வர வேணாம். நிறுத்தாமப் படி.”

ஒலியைக் கூட்டினாள்.

மூன்றாவது முள்ளைத் தாண்டி, அவள் குரல் பதினோரு நிமிடம் எங்கேயும் நிற்காமல் படித்துக்கொண்டே போனது.